"என்னை இறங்குங்கோ, அம்மம்மா"

பென்டில் ஹில் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கடைத்தெருப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். மூன்றரை வயதுப் பேத்தி சட்டென்று நின்றாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், ரயில் போன திசையையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மம்மா, ஹில் எங்கை?"

'ஹில்' என்றால் என்னவென்று அந்த வாரம்தான் அவள் சைல்ட் கேரில் படம் வரைந்து வந்திருந்தாள். ரயிலில் "பென்டில் ஹில்" என்று அறிவித்ததையும் கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறார்கள், ஆகவே இருக்க வேண்டும். மளிகைக்கடையும் கொத்துரொட்டிக் கடையும் தெரிகின்றன, மலையைக் காணவில்லை. "அது பேர் மட்டுந்தான் குஞ்சு" என்று சொல்லி நடத்திக்கொண்டு போனேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்றிரவு இந்தப் பெயரின் கதையைத் தேடிப் படித்தேன்.

சிட்னி நகர மையத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றரில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே டன்மோர் வீதியில் ஜோர்ஜ் பொண்ட் என்பவர் 1923இல் பருத்தி நூற்பாலை தொடங்கினார். பொண்ட்ஸ் உள்ளாடைகள் என்று இன்றும் கடைகளில் தொங்குவது அவர் பெயர்தான். ரயில் நிலையம் 1924இல் வந்தது. ஊரின் பெயர் இங்கிலாந்தின் பருத்தி மாவட்டமான லங்காஷயரில் 557 மீற்றர் உயரத்தில் நிற்கும் பென்டில் மலையிலிருந்து எடுத்துவந்தது. அந்தப் பெயரை உடைத்துப் பார்த்தால் ஒரு விந்தை. 'பென்' என்பது அங்கே முன்பு வாழ்ந்த மக்களின் கெல்ற்றிய மொழியில் குன்று. பின்னால் வந்து குடியேறியவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை. தங்கள் பழைய ஆங்கிலத்தில் குன்றுக்குரிய 'ஹில்' என்ற சொல்லை அதனோடு சேர்த்தார்கள். காலப்போக்கில் இரண்டும் தேய்ந்து 'பென்டில்' ஆயிற்று, அதற்கும் பொருள் மறந்துபோக மறுபடியும் ஒரு 'ஹில்' வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, நாங்கள் குடியிருப்பது குன்றுக்குன்றுக்குன்றில். நம்மவர்கள் 'நடு சென்டர்' என்பதும் 'கேட் வாசல்' என்பதும் இதே வழியில் பிறந்தவை.

காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, பொருள் தெரியாத இடத்தைத் தன் கணிப்பால் நிரப்பி, பேச்சைக் கட்டிக்கொள்வது மனித இயல்பு. பெரியவர்கள் அதை நூற்றாண்டுக் கணக்கில் செய்கிறார்கள். பிள்ளைகள் ஒரு மத்தியானத்துக்குள் செய்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. பேத்தி பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொல்லுகிறவற்றைத் திகதி போட்டு எழுதிவருகிறேன். அதில் ஒரு பக்கத்தில் இருப்பது இந்தக் கட்டுரையின் தலைப்பு.

காரில் பிள்ளைகளுக்கான இருக்கையில் அவளை வார்போட்டுக் கட்டியிருந்தது. வீடு வந்ததும் இரண்டு கையையும் நீட்டி, "என்னை இறங்குங்கோ, அம்மம்மா" என்றாள். அதே வாரத்தில் "என்னைக் குளியுங்கோ", "என்னை ஏறுங்கோ" (இது ஊஞ்சலுக்கு), சாப்பாட்டுத் தட்டைக் காட்டி "என்னைச் சாப்பிடுங்கோ". இந்தக் கடைசி வேண்டுகோளுக்கு வீடே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். இவள் எங்கே வழுக்குகிறாள்?

வழுக்கிய இடம் தமிழ் இலக்கணத்தின் மிக நுட்பமான மூலைகளில் ஒன்று. தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நானே செய்தால் இறங்குகிறேன். இன்னொருவரைச் செய்வித்தால் இறக்குகிறேன். ஏறு, ஏற்று. விழு, விழுத்து. ஆடு, ஆட்டு. குளி, குளிப்பாட்டு. உண்பதற்கு ஊட்டு, எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் தீத்து. ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு வழி. ஒன்றில் மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, இன்னொன்றில் இரட்டிக்கிறது, வேறொன்றில் பின்னால் ஏதோ ஒட்டுகிறது, சாப்பிடு என்பதற்கோ வேறு சொல்லையே தேடிப்போக வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்குள் இதை ஒருவர் கற்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவார்? கையிலிருக்கும் வினையை எடுத்து, யாரைச் செய்விக்க வேண்டுமோ அவருக்கு 'ஐ' வேற்றுமை போட்டுப் பார்ப்பார். அவள் அதைத்தான் செய்தாள். 'என்னை' என்பதில் பிழையே இல்லை. தான் செய்யப்போகிறவள் இல்லை, தனக்குச் செய்யப்பட வேண்டும் என்ற விளக்கம் அந்த ஓர் எழுத்தில் முழுமையாக இருக்கிறது.

இது ஆங்கிலம் கலந்ததால் வந்த கேடு என்று சொல்லிவிடலாம். அப்படியில்லை. மெலிசா பௌவர்மன் என்ற மொழியியலாளர் தம் இரண்டு மகள்களின் பேச்சையும் நாட்குறிப்பாக எழுதிவந்தவர். ஆங்கிலச் சூழலில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளும் விழு, சிரி போன்ற வினைகளைப் பிறவினையாக வைத்துப் பேசியதை 1974 தொடக்கம் எழுதிவந்தார். அவர் கண்டதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: அந்தப் பிழைகள் பேச்சின் தொடக்கத்தில் வரவில்லை. சில காலம் சரியாகப் பேசிக்கொண்டிருந்த பிறகே வந்தன. சொற்களைத் தனித்தனியாக மனனம் செய்திருந்தவரை பிழை இல்லை. அவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கு இருக்கிறதென்று பிள்ளை கண்டுபிடித்த அன்றைக்குப் பிழை பிறக்கிறது.

கொப்பியில் நாலு மாதம் தள்ளி இன்னொரு பதிவு. சமையலறை வானொலியைக் காட்டி அவள் சொன்னது: "அம்மம்மா, ரேடியோவைப் பாட்டுங்கோ."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. ஆகவே பாடு, பாட்டு! இந்த வினையை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது, ஏனென்றால் தமிழில் அப்படியொரு வினை வழக்கில் இல்லை. 'பாட்டு' நமக்குப் பெயர்ச்சொல் மட்டுமே. கேட்ட சோடிகளிலிருந்து 'டு, ட்டு' ஆகும் விதியை இவளே எடுத்து, இதுவரை போடாத இடத்தில் போட்டிருக்கிறாள். பழைய இலக்கணகாரர்கள் சூத்திரமாக எழுதியதை இவள் சமையலறையில் நின்று தானாகவே செய்கிறாள்.

பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிகள் அல்ல என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டிய ஆண்டு 1958. ஜீன் பெர்க்கோ என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். பறவைபோல ஒரு பிராணி. அதற்கு 'வக்' என்று தாமே ஒரு பெயர் வைத்தார். பிறகு இரண்டு பிராணிகள் உள்ள படத்தைக் காட்டி, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார். பிள்ளைகள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து 'வக்ஸ்' என்றார்கள். உலகில் அன்றுவரை யாரும் உச்சரிக்காத சொல், ஆகவே கேட்டு மனனம் செய்திருக்க வழியில்லை. விதி அவர்கள் தலைக்குள் இருந்தது. 'வென்ட்' என்பதற்குப் பதிலாக 'கோட்' என்றும், 'ஃபீட்' என்பதற்குப் பதிலாக 'ஃபூட்ஸ்' என்றும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்வது இதே விதியின் வேலை.

இங்கே பெற்றோருக்கு ஆறுதலான கணக்கு ஒன்றும் உண்டு. கேரி மார்கஸ், ஸ்டீவன் பிங்கர் முதலானோர் 1992இல் 83 ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளில் ஒழுங்கில்லாத இறந்தகால வினைகள் வரும் 11,500க்கு மேற்பட்ட இடங்களை எண்ணிப்பார்த்தார்கள். விதியை வேண்டாத இடத்தில் போட்டுப் பிழைவிட்ட இடங்கள் சராசரியாக நூறில் இரண்டு, மூன்றுதான். எந்நேரமும் பிழையாகவே பேசுகிறான் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், சரியாகச் சொன்ன தொண்ணூற்றேழை நாம் கவனிப்பதில்லை.

தமிழுக்கு இப்படி யாராவது பதிவு செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள், செய்தவர் யார் என்பதுதான் வியப்பு. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 'டிஃப்ராக்' என்ற இந்தியாவின் தொடக்ககாலக் கணினியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன். 1960இல் அது இயங்கத் தொடங்கியது. இயந்திரத்துக்குச் சிந்திக்கக் கற்பிக்க வேண்டுமென்றால் மனிதக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற திசையில் அவர் சிந்தனை போயிற்று. அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்ப் பெண்குழந்தையின் பேச்சை ஒன்பதாம் மாதத்திலிருந்து இரண்டே முக்கால் வயதுவரை பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இன்று உலகக் குழந்தைப் பேச்சுத் தரவுவங்கியான 'சைல்ட்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. தமிழ்க் குழந்தை 'வேண்டாம்', 'இல்லை', 'மாட்டேன்' என்று மறுக்க எப்படிக் கற்கிறது என்று வைத்தியநாதன் கட்டுரை எழுதியிருக்கிறார். இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒருநாள் இருந்தவர்களுக்கு அந்தத் தலைப்பின் அருமை தெரியும்.

1989இல் பரிமளா ராகவேந்திரா, லோரன்ஸ் லெனர்ட் இருவரும் தமிழ்ச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் விகுதிகளை ஆராய்ந்தார்கள். ஆங்கிலக் குழந்தை ஒரு விகுதியைப் பிடிக்கத் தடுமாறும் வயதில் தமிழ்க் குழந்தை காலமும் இடமும் காட்டும் விகுதிகளைப் பெரிய பிழையின்றிப் போடுகிறது. துருக்கிக் குழந்தைகளும் அப்படியே. காரணம் ஒட்டுநிலை மொழியின் அமைப்பு. 'வந்தாள்' என்பதில் வினை, காலம், ஆள் மூன்றும் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு வேலை. குழந்தை சொல்லின் கடைசி ஒலியை நன்றாகக் கவனிக்கும் என்பது டான் ஸ்லோபின் என்ற அறிஞர் வகுத்த கொள்கை. தமிழ் தன் செல்வத்தையெல்லாம் சொல்லின் கடைசியில்தான் வைத்திருக்கிறது.

இதற்கு அழகான சான்று இருமொழிப் பிள்ளைகளிடம் கிடைத்தது. யூகோஸ்லாவியாவில் ஹங்கேரியமும் செர்போ-குரோவாத்தியமும் கேட்டு வளர்ந்த பெண்குழந்தைகள், உள்ளே, மேலே, அங்கேயிருந்து என்ற பொருள்களை ஹங்கேரிய வேற்றுமை உருபுகளால் இரண்டு வயதுக்கு முன்பே சொன்னார்கள். மற்ற மொழியில் அதே பொருளைச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே முன்னிடைச்சொல்லும் வேண்டும், பெயரின் ஈறும் மாற வேண்டும். எண்ணம் ஒன்று, தலை ஒன்று. எந்த மொழி சுலபமான வாசலைத் திறந்துவைக்கிறதோ அதன் வழியே எண்ணம் முதலில் வெளியே வருகிறது.

இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டுக் கலப்புமொழி எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. "நான் பார்க்குக்குப் போய் ஸ்லைட்டாலை சறுக்கினனான்." "கூக்கபராவின்ரை நோஸ் பெரிசு." பெயர் ஆங்கிலம். அதைப் பிடித்து வாக்கியத்தில் உட்காரவைக்கும் குவ்வும், ஆலும், இன்ரையும் சுத்தத் தமிழ். கிழவிகள் சிலர் இதைக் கேட்டுத் தமிழ் செத்துப்போயிற்று என்று பெருமூச்சு விடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சொற்களை இரவல் வாங்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். வாக்கியத்தின் முதுகெலும்பு தமிழாக இருக்கும்வரை அந்தப் பிள்ளை தமிழ் பேசுகிறாள்.

உச்சரிப்பிலும் இப்படி ஒன்று. அவளுக்கு ரகரம் வரச் சுணங்கியது. "கொத்துலொட்டி வேணும்" என்பாள். ஒருநாள் நானும் அன்பாக, "கொத்துலொட்டியோ?" என்றேன். வந்தது கோபம். "லொட்டி இல்லை! லொட்டி!" ரொட்டி என்று சொன்னதும்தான் முகம் தெளிந்தது. 1960இல் பெர்க்கோவும் ரோஜர் பிரவுணும் இதே நிகழ்ச்சியைப் பொம்மை மீன் வைத்திருந்த ஓர் ஆங்கிலச் சிறுவனிடம் கண்டு எழுதிவைத்தார்கள். காது சரியாகக் கேட்கிறது, மனத்தில் சொல் சரியாகப் பதிந்திருக்கிறது, நாக்குத்தான் இன்னும் அந்த இடத்துக்குப் போய்ச்சேரவில்லை. ஆகவே மழலையை மழலையாலே திருப்பிச் சொன்னால் பிள்ளைக்கு அது பிழையாகவே கேட்கும்.

ஆனால் குழந்தையோடு நாம் பேசும் இழுத்த, பாட்டுப்போன்ற குரல் வேறு விஷயம், அது வீண் கொஞ்சல் இல்லை. இதற்கான பெயர்பெற்ற ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பேர்னம், கிறிஸ்டின் கிற்றமுரா முதலானோர் 2002இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது. தாய்மார் தங்கள் ஆறுமாதக் குழந்தையோடும், வளர்ப்பு நாய் பூனையோடும், பெரியவர் ஒருவரோடும் பேசியதைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். குழந்தைக்கும் பூனைக்கும் குரல் ஒரேபோல உயர்ந்தது, பாசமும் கூடியது. உயிரொலிகளை மட்டும் குழந்தையிடமே விரித்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, தெளிவாகச் சொன்னார்கள். பூனைக்கு அது இல்லை. பூனை பேசப்போவதில்லை என்று தாயின் வாய்க்குத் தெரிந்திருக்கிறது! பின்னாளில் கிளி வளர்ப்பவர்களையும் பார்த்தார்கள். கிளியிடம் பேசும்போது உயிரொலிகள் ஓரளவு விரிந்தன. பல் வேறு, பால் வேறு என்று குறில் நெடிலால் பொருள் மாறும் தமிழில் அம்மாவின் அந்த இழுவை எவ்வளவு பெரிய பாடம் என்று எண்ணிப்பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மார்க்ஸ் நிறுவனம் இப்போது வெஸ்ட்மீடில் இருக்கிறது. எங்கள் நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம்.

வேடிக்கை எல்லாம் ஒலியிலும் விகுதியிலும் இல்லை. "நாளைக்கு நாங்கள் பீச்சுக்குப் போனனாங்கள்" என்பதும் கொப்பியில் இருக்கிறது. நேற்று, நாளை என்பவை மேசை கதிரைபோலக் கைகாட்டிக் கற்பிக்கக்கூடிய சொற்கள் அல்ல. இன்றைய நாளை, நாளைக்கு இன்று ஆகிவிடும். கத்தரின் டில்மன் குழுவினர் 2017இல் காட்டியபடி, இவை காலத்தைக் குறிப்பவை என்று பிள்ளைகள் வெகு முன்பே அறிந்துவிடுகிறார்கள், எது முன், எது பின் என்பது பிறகு, எத்தனை நாள் என்பது அதற்கும் சில ஆண்டு கழித்து.

உறவுச்சொல்லிலும் இதே சிக்கல். அண்ணா இருக்கிறாரா என்றால் ஓம் என்பாள். அண்ணாவுக்குத் தங்கச்சி இருக்கிறாளா என்றால் இல்லை என்பாள். ழான் பியாஜே 1920களிலேயே இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டு, தன்னை மற்றவர் இடத்திலிருந்து பார்க்கும் திறன் மெல்லத்தான் வருகிறது என்று எழுதினார். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தாயாரை வீடியோவில் காட்டி, "இவ என்ரை அம்மா. அப்ப உனக்கு ஆர்?" என்று கேட்டபோது, பூட்டி என்ற சொல் தெரியாத அவள் யோசித்துச் சொன்னாள்: "அம்மம்மம்மா." அம்மாவின் அம்மா அம்மம்மா என்ற கட்டுமானத்தை இன்னொரு படி ஏற்றியிருக்கிறாள். திரையில் என் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி நான் எழுத விரும்பாத, எழுதாமல் விடவும் முடியாத ஒரு பக்கம். ஒரு பிறந்தநாள் வீட்டில் உறவினர் கூடியிருந்தபோது, "ரேடியோவைப் பாட்டுங்கோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புத்தான். "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்" என்று கைப்பேசியை நீட்டினார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், "டேர்ன் இட் ஒன் ப்ளீஸ்" என்றாள். அந்தச் சொல்லைத் தமிழில் அவள் அதன்பிறகு சொல்லவே இல்லை.

ஒரே மொழி பேசும் ஊரில் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் அவள் அதே மொழியில் திருத்திச் சொல்வாள், போவதற்கு வேறு இடம் கிடையாது. பென்டில் ஹில் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல் திறந்திருக்கிறது, அங்கே யாரும் சிரிப்பதில்லை. ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் அந்த ஆண்டிலேயே கின்டர் வகுப்புக்குப் போய்விடலாம், பிறகு பகல் முழுவதும் ஆங்கிலம். 2021 கணக்கெடுப்பில் அவுஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 95 ஆயிரத்துக்கு மேல். அந்த எண்ணிக்கையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது சனி ஞாயிறுத் தமிழ்ப் பள்ளிகள் மட்டுமல்ல. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வீட்டில் வேறு மொழியும் பேசும் 1,899 குடும்பங்களை ஆனிக் டி ஹௌவர் ஆராய்ந்து 2007இல் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய நாலில் ஒரு பகுதிக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. தாய் தந்தை இருவரும் வீட்டில் அந்த மொழியே பேசிய குடும்பங்களிலோ நூற்றுக்கு 97 வரை பிள்ளைகளும் பேசினார்கள்.

திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்தலாம், அதற்கு நல்ல வழி உண்டு. மிஷெல் சுயினார்ட், ஈவ் கிளார்க் இருவரும் 2003இல் காட்டியது: பிள்ளை பிழையாகச் சொன்னதைப் பெற்றோர் சரியான வடிவில் திருப்பிக் கேட்கிறார்கள், பிள்ளைகள் அதைக் கவனித்து எடுத்துக்கொள்கிறார்கள். "என்னை இறங்குங்கோ" என்றால், "ஓம் குஞ்சு, அம்மம்மா இறக்கிவிடுறன், வா" என்று சொல்லி இறக்கிவிட்டால் போதும். 'பிழை' என்ற சொல் வர வேண்டியதில்லை. கேட்டது கிடைத்தது, சரியான சொல்லும் காதில் விழுந்தது. இப்போது அவள் 'இறக்குங்கோ' என்றுதான் சொல்கிறாள். எந்த நாளில் மாறினாள் என்று கொப்பியில் தேடினேன், குறித்துவைக்கத் தவறிவிட்டேன்.

உங்கள் வீட்டில் இரண்டு மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளையின் வயதை ஆண்டும் மாதமுமாக எழுதுங்கள். யாரிடம், எதைப் பார்த்துச் சொன்னது என்று எழுதுங்கள். நீங்கள் திருத்திய வாக்கியத்தை அல்ல, அது சொன்ன வாக்கியத்தை, அது சொன்னபடியே எழுதுங்கள். சிரிப்பு வந்தால் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்து, தமிழில் பதில் சொல்லுங்கள்.